ராத்திரி இருமல், வார லீவு முடிந்த இருமல்

சென்ற இதழில் "உங்கள் இருமலைப் பற்றி எழுதுங்கள்" என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில்தான் முடிந்தன: வறட்டு இருமலுக்கு எந்த சிரப், சளி இருமலுக்கு எந்த சிரப்?

தஞ்சாவூர்ப் பக்கமும் பிறகு கோவைப் பக்கமும் அரசு மருத்துவமனைகளில் நெஞ்சக மருத்துவராக இருந்தவள் நான். நோயாளி வந்து உட்கார்ந்ததும் வறட்டு இருமலா, சளி இருமலா என்று முதலில் கேட்கமாட்டேன். எத்தனை நாளாக இருக்கிறது, எந்த நேரத்தில் வருகிறது, அது ஆரம்பிப்பதற்கு முன்னால் புதிதாக என்ன வந்தது என்றுதான் கேட்பேன். புது மாத்திரையா, புது வேலையா, ஜன்னலில் கூடு கட்டிய புறாவா? மூன்று வாரத்துக்குள் அடங்குவது பெரும்பாலும் வைரஸ் சளியோடு வந்த இருமல். எட்டு வாரத்தைத் தாண்டினால் அது நாள்பட்ட இருமல். அதற்குக் காரணம் தேடியே ஆக வேண்டும். நம் நாட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு வாரம் தாண்டினால் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கே: எனக்கு 52 வயது. நாலு மாதமாக வறட்டு இருமல். தொண்டைக்குள் குறுகுறுவென்று ஆரம்பித்து, பேச்சே நின்றுபோகும் அளவுக்கு இருமுகிறேன். எக்ஸ்ரே நார்மல். மூன்று விதமான சிரப் குடித்தாகிவிட்டது. பிரஷர் மாத்திரை தவிர வேறு எதுவும் நான் சாப்பிடுவதில்லை. — வாசகி, கரூர்

ப: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் எனக்குச் சந்தேகம். மாத்திரை அட்டையைத் திருப்பி, மருந்தின் பெயரைப் படியுங்கள். பிராண்ட் பெயரை அல்ல, அதன் கீழே சின்ன எழுத்தில் இருப்பதை. அது 'பிரில்' என்று முடிகிறதா? எனாலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில், பெரிண்டோபிரில் எல்லாம் ஒரே குடும்பம். நல்ல மருந்துகள், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு தருபவை. ஆனால் இவை தடுத்து நிறுத்தும் என்சைமுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிராடிகைனின் என்ற பொருளை உடைத்து அப்புறப்படுத்துவதும் அதுதான். அந்த வேலை நின்றுபோனால் பிராடிகைனின் மூச்சுக்குழாயில் தேங்கி, அங்குள்ள நரம்புகளைக் கிளறிக்கொண்டே இருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். மாத்திரை ஆரம்பித்த வாரமே வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். அதனால்தான் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

இந்த இருமலுக்கு சிரப் வேலை செய்யாது. நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது, பிரஷர் ஏறிவிடும். உங்கள் டாக்டரிடம் அட்டையைக் காட்டி, "இருமல் இதனால் இருக்குமா?" என்று கேளுங்கள். டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற 'சார்டன்' வகைக்கு மாற்றித் தருவார். அவை அந்த என்சைமைத் தொடுவதில்லை. மாற்றிய மறுநாளே இருமல் நிற்காது. பொதுவாக ஒன்றிலிருந்து நாலு வாரம், சிலருக்கு மூன்று மாதம்வரை ஆகும். பொறுமையாக இருங்கள்.

கே: ஸ்பின்னிங் மில்லில் பன்னிரண்டு வருஷமாக வேலை. கொஞ்ச நாளாக நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, இருமல் வருகிறது. ஆனால் எல்லா நாளும் இல்லை. லீவு முடிந்து போகும் அன்றைக்குத்தான் அதிகம். கூட வேலை செய்பவர்கள் "லீவில் கண்டதைச் சாப்பிட்டிருப்பாய்" என்கிறார்கள். — வாசகர், திருப்பூர் மாவட்டம்

ப: தம்பி, நீங்கள் இதைக் கவனித்து எழுதியது மிகப் பெரிய விஷயம். சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயாக இருக்கலாம். மருத்துவத்தில் பிஸ்ஸினோசிஸ் என்பார்கள். பஞ்சோடு வரும் இலைத் துணுக்கு, சருகு, அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் நச்சு ஆகியவை சேர்ந்த தூசி மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கிறது. தினமும் தூசியிலேயே இருந்தால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்கிறது. ஒரு நாள் விலகியிருந்து திரும்பப் போனால் அந்தப் பழக்கம் விட்டுப்போய், முதல் ஷிப்டில் நெஞ்சு இறுகும். வாரம் போகப் போகத் தணியும். வெளிநாட்டுப் புத்தகங்கள் இதைத் திங்கட்கிழமை நோய் என்று எழுதியிருக்கின்றன. ஆனால் நம் மில்களில் வார லீவு ஆளுக்கு ஒரு கிழமை. ஒருவருக்குப் புதன் லீவு என்றால் அவருடைய 'திங்கட்கிழமை' வியாழன்தான். கோவையில் இருந்தபோது அதனால்தான் "எந்தக் கிழமை இருமல்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "உனக்கு வார லீவு என்றைக்கு?" என்று முதலில் கேட்பேன்.

எந்த டிபார்ட்மெண்ட் என்று நீங்கள் எழுதவில்லை. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமிலும், சிக்கெடுக்கும் கார்டிங்கிலும்தான் தூசி மிக அதிகம். லீவு முடிந்து போகும் நாளில் ஷிப்டுக்கு முன்னும் ஷிப்ட் முடிந்ததும் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை செய்தால், மூச்சு எவ்வளவு குறைகிறது என்பது எண்ணில் தெரிந்துவிடும். ஈஎஸ்ஐ அட்டை இருக்குமே, அதை எடுத்துக்கொண்டு போங்கள். நெஞ்சக மருத்துவரிடம், "பஞ்சாலையில் வேலை, லீவு முடிந்த அன்று அதிகம்" என்ற இரண்டையும் நீங்களே சொல்லுங்கள். கூட்டத்தில் அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்காதீர்கள். சட்டம் வரையறுத்த தொழில்சார் நோய்ப் பட்டியலில் இது இருக்கிறது. இதைச் சொல்வதற்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்த நுண்தூசியைத் தடுக்காது. என்95 முகமூடி ஓரளவு உதவும். தூசி குறைந்த பகுதிக்கு மாறுவதுதான் உண்மையான மருந்து. இப்போதே மாறினால் நுரையீரல் பெரும்பாலும் மீண்டுவிடும். பல வருஷம் தள்ளிப்போட்டால் முதல் நாள் இருமல் எல்லா நாளுக்கும் பரவும். அதன் பிறகு மாறினாலும் போனது போனதுதான். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றைக்கே விடுங்கள். தூசியும் புகையும் சேர்ந்தால் சேதம் பலமடங்கு.

கே: என் மகளுக்கு 23 வயது. மூன்று வாரமாக இருமல், சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், எடையும் குறைந்திருக்கிறது. நிச்சயதார்த்தம் முடிந்து தையில் கல்யாணம். சளிப் பரிசோதனைக்குப் போனால் ஊரில் தெரிந்துவிடுமே என்று பயம். மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கிறேன். — ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

ப: அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பெண்ணைப் பெற்ற எத்தனையோ தாய்மார்கள் இதே பயத்தோடு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் இந்த வாரமே பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். மூன்று வார இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடைக்குறைவு ஆகிய மூன்றும் சேர்ந்தால் வேறு எதையும் நினைப்பதற்கு முன் காசநோயைத்தான் நினைக்க வேண்டும். மெடிக்கலில் கொடுக்கும் ஆன்டிபயாடிக்குகளில் சில, கிருமியைக் கொல்லாமல் கொஞ்ச நாள் அடக்கி மட்டும் வைக்கும். காய்ச்சல் குறைந்தது போலத் தெரியும், பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போகும், நோய் உள்ளே வளரும்.

சளி கொடுப்பதில் ஒரு முறை இருக்கிறது. பெரும்பாலோர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு, "டிபி இல்லை" என்ற ரிப்போர்ட்டோடு நிம்மதியாக வந்துவிடுகிறார்கள். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். காற்றோட்டமான வெளியிடத்தில், ஆட்கள் பக்கத்தில் இல்லாதபோது, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமி, வருகிற கெட்டியான சளியை டப்பாவில் எடுத்து மூடவேண்டும். நுரையாக, தண்ணீராக இருந்தால் அது எச்சில். மறுபடி முயல வேண்டும். ட்ரூநாட், சிபிநாட் என்ற பரிசோதனைகள் கிருமியின் மரபணுவையே தேடுபவை. சில மணி நேரத்தில், முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்றும் சேர்த்துச் சொல்லிவிடும். அரசு மருத்துவமனையில் பரிசோதனை, மருந்து இரண்டும் இலவசம். சிகிச்சை நடக்கும்வரை சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன்பு அது 500 ஆக இருந்தது. விவரம் கேட்க 1800-11-6666 என்ற இலவச எண் இருக்கிறது.

காசநோய் என்றால் தனி அறை, தனித் தட்டு, ஊரை விட்டு ஒதுக்கி வைப்பது என்றெல்லாம் நினைத்துப் பயப்படாதீர்கள். தட்டிலும் டம்ளரிலும் இது பரவுவதில்லை. இருமும்போது வெளிவரும் காற்றில்தான் பரவுகிறது. இதற்கான பதில் நம் சென்னையிலிருந்துதான் உலகத்துக்குப் போனது. 1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவ விடுதியிலும் மறுபாதியை அவர்கள் வீட்டிலேயே, நெருக்கடியான குடியிருப்புகளில் வைத்தும் ஒரு வருஷம் மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959ல் வெளிவந்த முடிவு: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள். அவர்களோடு வசித்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. அதற்குப் பிறகுதான் உலகமெங்கும் சானடோரியங்கள் மூட ஆரம்பித்தன.

சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. மருந்து சரியாக வேலை செய்தால் சில வாரங்களிலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். முழுதாக முடித்தவள் கல்யாணம் செய்துகொள்ளலாம், குழந்தை பெறலாம், பால் கொடுக்கலாம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பதற வேண்டாம். ரிஃபாம்பிசினின் நிறம் அது. அந்த மருந்து கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். நோய் உறுதியானால் கல்யாணத்தைத் தள்ளிவைப்பதா என்பது உங்கள் குடும்பம் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் மாப்பிள்ளை வீட்டில் மறைத்துவிட்டு, அங்கே போனபின் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடும் நிலைமைக்கு மட்டும் அவளைத் தள்ளாதீர்கள். பாதியில் மாத்திரையை நிறுத்திய புதுப்பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பி வரும்.

கே: பச்சையாகச் சளி வந்தால் ஆன்டிபயாடிக் சாப்பிட்டே ஆக வேண்டுமா? — வாசகர், வேலூர்

ப: வேண்டியதில்லை. அந்தப் பச்சை, கிருமியோடு சண்டை போட்ட வெள்ளணுக்களுக்குள் இருக்கும் ஒரு என்சைமின் நிறம். வைரஸ் சளியிலும் வரும். மூச்சு வாங்குவது, விட்டுவிட்டு வரும் கடும் காய்ச்சல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவது ஆகியவை இருந்தால்தான் யோசிக்க வேண்டும். சாதாரணச் சளிக்குப் பிறகு இருமல் இரண்டரை வாரம்வரை நீடிப்பதும் இயல்புதான். ஐந்தாம் நாளே மருந்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். சளியில் ரத்தம் வந்தால் மட்டும் நிறத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

கே: எட்டு மாதக் குழந்தைக்குச் சளி இருமல். மாமியார் மூக்கில் எண்ணெய் விடுகிறார், தேன் தொட்டு வைக்கிறார், குளித்ததும் சாம்பிராணி காட்டுகிறார். எனக்கு இருமல் சிரப் கொடுத்தால் போதும் என்று தோன்றுகிறது. எது சரி? — இளம் தாய், சென்னை

ப: இரண்டு பேருமே குழந்தை மேல் உள்ள அக்கறையில்தான் செய்கிறீர்கள். இந்தப் பதிலை இருவரும் சேர்ந்து படிக்க வேண்டுகிறேன்.

பாட்டியம்மாவுக்கு முதலில். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அது அங்கே கரையாது. எண்ணெயாலேயே நிமோனியா வரும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளரவைக்கும் நச்சை உண்டாக்கும். ஒரு வயது தாண்டியபின் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் கொடுங்கள், ராத்திரி இருமலுக்கு அது நல்லதுதான். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை இரண்டும் வீங்கியிருக்கும் மூச்சுக்குழாயை மேலும் சுருக்கும். தலையைத் துண்டால் துவட்டினால் போதும். கற்பூரம் கரைத்த எண்ணெயைக் குழந்தையின் நெஞ்சிலோ மூக்கிலோ தடவாதீர்கள். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும்.

இப்போது உங்களுக்கு, அம்மா. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். சாதாரணச் சளி இருமலுக்காக சிரப் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோனது. இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். பரிசோதித்தபோது அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை ரசாயனம் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. அனுமதிக்கப்படும் உச்ச அளவு 0.1 சதவீதம். இதே ரசாயனம் 1937ல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 2022ல் காம்பியா நாட்டில் எழுபது குழந்தைகள் அளவில் இறந்ததிலும், இந்தியாவில் தயாரான இருமல் சிரப்புகளில் இதே நஞ்சு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இதை எழுதும்போதே மனசு பதறுகிறது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு சிரப்பே தேவைப்பட்டிருக்காது.

சிரப் சுத்தமாகவே இருந்தாலும் சின்னக் குழந்தைக்கு அதனால் பலன் இல்லை. இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது. ஐந்து வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. இருமல்தான் அந்தச் சின்ன மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்கிறது. தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மூக்கு அடைத்திருந்தால் பால் கொடுப்பதற்கு முன் உப்பு நீர்ச் சொட்டு மருந்து விடுங்கள்.

எப்போது ஓட வேண்டும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, அதிலிருந்து ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ, உதடு நீலமானாலோ அன்றைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கே: இரண்டு வயதுப் பேரன் வேர்க்கடலை சாப்பிடும்போது புரையேறி, முகம் சிவந்து இருமினான். பிறகு சரியாகிவிட்டான். இரண்டு நாள் கழித்து ஒரு பக்க நெஞ்சில் மட்டும் விசில் சத்தம் கேட்கிறது, இருமுகிறான். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். — வாசகர், புதுக்கோட்டை

ப: ஐயா, இதழ் அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாத கேள்வி என்பதால் உங்களுக்குப் போனிலேயே பதில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. புரையேறல், நடுவில் அமைதி, பிறகு ஒரு பக்கத்தில் மட்டும் சத்தம் என்று வந்தால் மூச்சுக்குழாயில் ஏதோ சிக்கியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மயக்கம் கொடுத்து, பிராங்காஸ்கோப் என்ற குழாயை உள்ளே விட்டுத்தான் எடுப்பார்கள். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, சீத்தாப்பழக் கொட்டை, புளியங்கொட்டை எல்லாம் இப்படி உள்ளே போகும். நாலு வயதுவரை கடலையைப் பொடித்தோ அரைத்தோ கொடுங்கள். புரையேறிய குழந்தை சத்தமாக இருமினால் இருமட்டும் என்று விடுங்கள். சத்தமே வராமல் திணறினால்தான் முதுகில் தட்ட வேண்டும். வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விடாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

கே: ராத்திரியில் மட்டும் இருமல். பகலில் நன்றாக இருக்கிறேன். — வாசகர், மயிலாடுதுறை

ப: ராத்திரியில் எத்தனை மணிக்கு, ஐயா? படுத்த உடனே வருவது பெரும்பாலும் மூக்கிலிருந்து தொண்டைக்குள் வடியும் நீராலோ, வயிற்றிலிருந்து மேலே ஏறும் அமிலத்தாலோ இருக்கும். நெஞ்செரிச்சல் இல்லாமலும் அமிலம் ஏறும். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வையுங்கள். தூங்கி ஓரிரு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து, உட்கார்ந்தால் தணிகிறது, காலிலும் வீக்கம் இருக்கிறது என்றால் நுரையீரலை விட்டுவிட்டு இதயத்தைப் பார்க்க வேண்டும். விடியற்காலை இரண்டு மணியிலிருந்து நாலு மணிக்குள் எழுப்பிவிடும் வறட்டு இருமல் பெரும்பாலும் ஆஸ்துமா. வீஸிங் சத்தமே இல்லாமல் இருமல் மட்டுமாக வரும் ஆஸ்துமாவும் உண்டு.

நீங்கள் டெல்டாக்காரர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். தஞ்சாவூரில் இருந்தபோது மாதக்கணக்கில் ராத்திரி இருமலோடு வருவார்கள். ஆஸ்துமா என்று மருந்து சாப்பிட்டிருப்பார்கள். எக்ஸ்ரேயில் பொடிப் பொடியாகத் தெரிவதை டிபி என்று நினைத்து அதற்கும் மருந்து ஆரம்பித்திருப்பார்கள். ரத்தத்தில் ஈசினோபில் என்ற வகை வெள்ளணுக்களை எண்ணச் சொன்னால் 3,000ஐத் தாண்டி நிற்கும். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு கொண்டுவந்த புழுவின் குஞ்சுகளுக்கு எதிராக, நுரையீரல் காட்டும் கடுமையான ஒவ்வாமை அது. காலில் வீக்கம் எதுவும் இருக்காது. அந்தப் புழுவுக்கான டிஇசி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் மூன்று வாரம் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு இருமல் அடங்கிவிடும். யானைக்கால் நோய் குறைந்துவிட்டதால் இளம் மருத்துவர்களுக்கு இது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. நீங்கள் கேட்டு இந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். செலவு மிகக் குறைவு.

கே: எனக்கு 30 வயது. ஐந்து வாரமாக இருமல். ஆரம்பித்தால் மூச்சு விடாமல் அடுக்கடுக்காக வந்து, வாந்தியில் முடிகிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. தங்கை பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். — வாசகி, திருநெல்வேலி

ப: கக்குவான் இருமலாக இருக்கலாம். சின்ன வயதில் போட்ட தடுப்பூசியின் பலம் வருஷங்களில் குறைந்துபோகும். பெரியவர்களுக்குக் கடைசியில் வரும் அந்தக் 'கூவல்' சத்தம் பெரும்பாலும் இருப்பதில்லை. உங்களுக்கு இது தொந்தரவுதான். பிறக்கப்போகும் குழந்தைக்கோ உயிராபத்து. பச்சைக் குழந்தை இருமாமலேயே மூச்சை நிறுத்திவிடும். உடனே டாக்டரைப் பாருங்கள். ஐந்து வாரம் ஆகிவிட்டதால் உங்களிடமிருந்து பரவும் வாய்ப்பு குறைந்திருக்கும். ஆனாலும் வீட்டில் வேறு யாருக்காவது இருமல் இருக்கிறதா, அவர்களுக்கும் தங்கைக்கும் ஆன்டிபயாடிக் தேவையா என்று அவர் முடிவு செய்யட்டும். கர்ப்பத்தின் 27லிருந்து 36 வாரத்துக்குள் தாய்க்கு டிடாப் தடுப்பூசி போட்டால் அந்தப் பாதுகாப்பு குழந்தைக்கும் போய்ச் சேரும். தங்கையின் டாக்டரிடம் கேளுங்கள். குழந்தை பிறந்தபின் ஆறாவது வாரத் தடுப்பூசியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

கே: காதில் பஞ்சுக் குச்சி விட்டால் இருமல் வருகிறதே, ஏன்? — மாணவர், சேலம்

ப: நுரையீரலுக்கும் தொண்டைக்கும் போகும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுத் துளைக்கும் போகிறது. அங்கே தொட்டால் சிலருக்கு இருமல் கிளம்பும். காதில் அடைத்திருக்கும் அழுக்கை எடுத்ததும் பல மாத இருமல் நின்றவர்களும் உண்டு. பஞ்சுக் குச்சியை மட்டும் விட்டுவிடுங்கள், தம்பி.

கே: இருமினால் சிறுநீர் கசிகிறது. 46 வயது. வீட்டில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். — பெயர் வேண்டாம்

ப: நீங்கள் தனியாள் இல்லை அம்மா. நாள்பட்ட இருமலோடு என்னிடம் வரும் பெண்களிடம் நானாகவே இதைக் கேட்பேன். கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள், கேட்டதும் கண் கலங்கிவிடுவார்கள். இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. பிரசவங்களால் தளர்ந்த அடித்தசை அதைத் தாங்கமாட்டாமல் கசியவிடுகிறது. இருமலின் காரணத்தைத் தேடிச் சரிசெய்வது ஒரு பக்கம். மறுபக்கம் அந்தத் தசைக்குப் பயிற்சி. காற்றுப் பிரிவதை அடக்குவது போல உள்ளே இழுத்துப் பிடித்து ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து, பிறகு தளர்த்துங்கள். வயிற்றையோ தொடையையோ இறுக்க வேண்டாம், மூச்சையும் அடக்க வேண்டாம். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும் அதே தசையை இறுக்கிக்கொண்டு இருமப் பழகுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதையும் கவனியுங்கள். குறையவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கல்யாண வீடுகளுக்குத் திரும்பப் போங்கள்.

கே: நாங்கள் இருமலுக்கு மல்லி அவித்த தண்ணியும் ஆடாதோடைக் கசாயமும்தான் குடிக்கிறோம். டாக்டர்மார் இதை ஏற்பதில்லையா? — வாசகர், யாழ்ப்பாணம்

ப: நான் மறுப்பவள் இல்லை. சூடான எந்தப் பானமும் தொண்டைக்கு இதம். ஆடாதோடைக்கோ ஆங்கில மருத்துவத்திலேயே இடம் இருக்கிறது. அதன் இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி கரைக்கும் மருந்தை உருவாக்கினார்கள். இன்று கடையில் கிடைக்கும் அம்ப்ராக்சால் அதன் வழிவந்தது. கர்ப்பிணிகள் மட்டும் ஆடாதோடை குடிக்கக் கூடாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். ஆவி பிடிப்பவர்கள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் உட்காராதீர்கள். கவிழ்ந்து வெந்துபோய் வரும் குழந்தைகள் அதிகம். கசாயம் குடித்துக்கொண்டே இரண்டு வாரத்தைத் தாண்டிவிடவும் வேண்டாம்.

கே: கணவருக்கு 58 வயது, பீடிப் பழக்கம். காலை இருமல் பல வருஷமாக உண்டு. இரண்டு மாதமாக இருமலின் சத்தமே மாறியிருக்கிறது. கேட்டால் "எப்போதும் உள்ளதுதானே" என்கிறார். — வாசகி, தர்மபுரி

ப: வருஷக்கணக்கில் கூடவே இருந்து கேட்டவர் நீங்கள். "மாறிவிட்டது" என்று நீங்கள் சொன்னால் அதை நான் அப்படியே எடுத்துக்கொள்வேன். பீடிக்காரரின் பழைய இருமல் மாறினால், குரல் கம்மினால், சளியில் ரத்தக்கீற்று தெரிந்தால், எடை குறைந்தால் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சிடி, கூடவே சளிப் பரிசோதனை. பீடி சிகரெட்டைவிட லேசானது என்பது உண்மையில்லை. புகையிலையை விட உதவி கேட்க 1800-112-356 என்ற இலவச எண் இருக்கிறது. நீங்கள் விறகடுப்பில் சமைப்பவராக இருந்தால் உங்கள் நுரையீரலையும் ஒருமுறை ஊதிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பீடி பிடிப்பவர்களுக்கு வரும் மூச்சுக்குழாய் அடைப்பு நோய், பீடியே தொடாத பெண்களுக்கு அடுப்புப் புகையால் வருகிறது.

கே: 14 வயது மகளுக்கு ஓடினாலும் சிரித்தாலும் இருமல். டாக்டர் ஆஸ்துமா என்று இன்ஹேலர் எழுதியிருக்கிறார். பழக்கமாகிவிடும், மாத்திரையே போதும் என்கிறார்கள் வீட்டில். — வாசகி, மதுரை

ப: இன்ஹேலர் பழக்கமாவதில்லை. கணக்கைப் பாருங்கள். சால்பூட்டமால் இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையில் 2 அல்லது 4 மில்லிகிராம், அதாவது 2,000, 4,000 மைக்ரோகிராம். மாத்திரை ரத்தம் முழுக்கச் சுற்றி, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, அதன் பிறகு கொஞ்சம் நுரையீரலுக்குப் போகும். இன்ஹேலர் நேரே போய்ச் சேர்கிறது.

டாக்டர் இரண்டு இன்ஹேலர் எழுதியிருந்தால், ஒன்று உடனடி நிவாரணத்துக்கு. மற்றொன்று வீக்கத்தைக் குறைக்க, இருமல் இல்லாத நாளிலும் தினமும் எடுக்க வேண்டியது. தொந்தரவு இல்லையே என்று இரண்டாவதை நிறுத்துவதால்தான் பல பிள்ளைகள் மறுபடி ராத்திரியில் எமர்ஜென்சிக்கு வருகிறார்கள்.

அடுத்த முறை போகும்போது மகளை டாக்டர் முன்னாலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். குலுக்க வேண்டும், மூச்சை முழுசாக வெளியே விட வேண்டும், வாயை இறுக மூடிக்கொண்டு மெதுவாக இழுக்கும்போதே அழுத்த வேண்டும், பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். ஸ்பேசர் குழாய் வைத்து எடுத்தால் இன்னும் சுலபம். மருந்துக் கடையிலேயே கிடைக்கும். தினசரி இன்ஹேலர் எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியும்.